லினக்ஸில் லேன் கார்டைக் காணோமா? டிரைவரைத் தேடும் முன் பார்க்க வேண்டியவை

கேபிளைச் செருகியாயிற்று. செட்டிங்ஸைத் திறந்தால் வைஃபை மட்டும் இருக்கிறது, ‘வயர்டு’ என்ற பகுதியே இல்லை. இந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் செய்வது, இணையத்தில் அகப்பட்ட ஏதோ ஒரு டிரைவரை இறக்கி நிறுவுவது. உண்மையில் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. லேப்டாப்களில் வரும் லேன் சிப்கள் பெரும்பாலும் ரியல்டெக் அல்லது இன்டெல் தயாரிப்புகள். இரண்டுக்கும் டிரைவர், லினக்ஸின் மைய நிரலான கர்னலுடனேயே வருகிறது. அது ஏன் ஓடவில்லை என்று பார்க்காமல் இன்னொன்றைக் கொண்டுவந்து மேலே ஏற்றினால், இருந்த ஒரு சிக்கல் இரண்டாகும்.

‘கார்டு தெரியவில்லை’ என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் நாலு விதமான கோளாறுகள் இருக்கின்றன. சிப், மதர்போர்டில் சாதனங்களை இணைக்கும் பிசிஐ பஸ்ஸிலேயே இல்லாமல் இருக்கலாம். சிப் இருந்தும் டிரைவர் ஏறாமல் இருக்கலாம். டிரைவர் ஏறி, சிப்பை எழுப்ப முடியாமல் கைவிட்டிருக்கலாம். எல்லாம் சரியாக நடந்து, இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் மட்டும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. எனவே எங்கே நின்றுபோயிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு இரண்டு கட்டளைகள் போதும். கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

எல்எஸ்பிசிஐ -என்என்கே

ஐபி லிங்க்

முதல் கட்டளை, பிசிஐ பஸ்ஸில் உள்ள சாதனங்களையெல்லாம் பட்டியலிடும். அதில் ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ என்றும் பக்கத்திலேயே 0200 என்றும் இருக்கும் வரியைத் தேடுங்கள். ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’, 0280 என்று இருப்பது வைஃபை. அதைப் பார்த்துவிட்டு ‘கார்டு இருக்கிறதே’ என்று ஏமாறுபவர்கள் உண்டு.

ஈதர்நெட் வரியின் கடைசிப் பக்கம், முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட இரண்டு நாலிலக்க எண்கள் இருக்கும். முதல் எண் தயாரிப்பாளர்: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 1969 என்றால் குவால்காம் ஏதெரோஸ், 14இ4 என்றால் பிராட்காம். இரண்டாவது எண் சிப்பின் மாடல். இந்த ஜோடியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் மாடல் பெயரைவிட இதை நம்பலாம். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு சிப் வைத்து விற்பது சாதாரணம்.

அந்த வரிக்குக் கீழே ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’, ‘கர்னல் மாட்யூல்ஸ்’ என்று இரண்டு வரிகள் வர வேண்டும். இரண்டும் இருந்தால் டிரைவர் சிப்பைப் பிடித்துவிட்டது. ‘மாட்யூல்ஸ்’ மட்டும் இருந்தால், டிரைவர் கணினியில் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை அல்லது ஏறித் தோற்றிருக்கிறது. இரண்டுமே இல்லையென்றால், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலில் அந்தச் சிப்புக்கு டிரைவரே இல்லை.

இரண்டாவது கட்டளை இன்டர்ஃபேஸ்களைக் காட்டும். ‘எல்ஓ’ எப்போதும் இருக்கும், கணக்கில் கொள்ள வேண்டாம். ‘டபிள்யூஎல்’ என்று தொடங்குவது வைஃபை, ‘இஎன்’ என்று தொடங்குவது வயர். ‘இஎன்பி3எஸ்0’ என்றால் 3ஆம் பஸ்ஸில் 0ஆம் ஸ்லாட் என்று பொருள். இப்படி ஒரு பெயர் இருக்கிறதென்றால் கார்டு கிடைத்துவிட்டது; அடுத்த இரண்டு பகுதிகளைத் தாண்டி நேராக இன்டர்ஃபேஸ் பகுதிக்குப் போங்கள்.

சிப்பே பட்டியலில் இல்லை

0200 வரி இல்லையென்றால், டிரைவர், ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏறும் நிரல்), நெட்வொர்க்மேனேஜர் எதையும் தொட வேண்டாம். இல்லாத சிப்புக்கு எந்த டிரைவரும் ஏறாது. முதலில், அந்த லேப்டாப்பில் உள்ளே லேன் சிப் இருக்கிறதா என்பதை உறுதி செய்யுங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் அது கிடையாது, யூஎஸ்பி அடாப்டர்தான் வழி. யூஎஸ்பி அடாப்டர் இந்தப் பட்டியலில் வரவே வராது. அதைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

சிப் இருக்க வேண்டிய லேப்டாப் என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது, பயாஸில் லேன் சிப்பை இயக்கவும் அணைக்கவும் உள்ள அமைப்பு. டெல் லேப்டாப்களில் ‘இன்டகிரேட்டட் நிக்’ என்ற பெயரில் இருக்கும். திங்க்பேடில் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குள் ‘ஐ/ஓ போர்ட் ஆக்சஸ்’ என்ற இடத்தில் ‘ஈதர்நெட் லேன்’ என்று இருக்கும்; ‘நெட்வொர்க்’ பகுதியில் தேடினால் கிடைக்காது. மற்றவற்றில் ‘ஆன்போர்டு லேன்’ அல்லது அதைப் போன்ற பெயர். அலுவலகத்தில் ஓடிவிட்டு விற்பனைக்கு வந்த லேப்டாப்களில் இது அணைத்து வைக்கப்பட்டிருப்பது புதிதல்ல. ஏற்கெனவே ‘எனேபிள்’ என்றிருந்தால், ஒரு முறை ‘டிசேபிள்’ செய்து சேமித்து பூட் செய்யுங்கள். பிறகு திரும்ப வந்து ‘எனேபிள்’ செய்யுங்கள். வீண் வேலையாகத் தோன்றும், ஆனால் பயாஸ் அந்தச் சிப்பைப் புதிதாகத் தொடங்கி வைக்க இது ஒரு வழி.

அதிலும் வரவில்லையென்றால் மின்சாரத்தை முழுவதுமாக இறக்க வேண்டும். லேப்டாப்பை ஷட்டவுன் செய்த பின்னும் லேன் சிப்புக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் வேக்-ஆன்-லேன் வசதிக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் குழம்பிப்போன சிப், எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அதே குழப்பத்தோடு எழுந்து வரும். செய்ய வேண்டியது: ஷட்டவுன் செய்து, சார்ஜரையும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். பேட்டரி கழற்றக்கூடியதென்றால் அதையும் கழற்றுங்கள். உள்ளேயே பொருத்திய பேட்டரி என்றால், சில பயாஸ்களில் அதைத் தற்காலிகமாகத் துண்டிக்க வழி இருக்கும்; திங்க்பேடில் ‘கான்ஃபிக்’, ‘பவர்’, ‘டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி’. பிறகு பவர் பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடம் அப்படியே விட்டு, சார்ஜரைச் செருகி பூட் செய்யுங்கள். செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமல் மதர்போர்டு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இன்னொரு வகை, பூட் ஆனபோது இருந்த சிப் சற்று நேரத்தில் மறைவது. சஸ்பெண்டிலிருந்து எழுந்த பிறகும், பேட்டரியில் ஓடும்போதும் இது நடக்கும். எல்எஸ்பிசிஐயில் வரி இருக்கும், ஆனால் கடைசியில் ‘ரெவ் எஃப்எஃப்’ என்று காட்டும். சிப் பதில் சொல்லவில்லை, படித்த ஒவ்வொரு பிட்டும் 1 ஆக வருகிறது என்பதற்கான அடையாளம் அது. இங்கே சந்தேகிக்க வேண்டியது மின்சிக்கன ஏற்பாடுகளை. முதலில் பஸ்ஸை மறுபடி தேடச் சொல்லிப் பாருங்கள்:

எக்கோ 1 | சூடோ டீ /சிஸ்/பஸ்/பிசிஐ/ரீஸ்கேன்

திரும்பி வந்தால் மின்சிக்கனத்தின் மேல் சந்தேகம் வலுக்கிறது. உறுதிப்படுத்த, பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் முடிவில் ‘பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்’ என்று சேர்த்து, எஃப்10 அழுத்தி பூட் செய்யுங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டுமே. கார்டு நிலைத்து நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்வது நல்ல யோசனையல்ல. மற்றப் பிசிஐ சாதனங்களின் மின்சிக்கனமும் பாதிக்கப்பட்டு பேட்டரி சீக்கிரம் இறங்கலாம். டிஎல்பி என்ற மின்சிக்கன மென்பொருளை நிறுவியிருந்தால், அதன் கான்ஃபிக் கோப்பில் ‘ரன்டைம்_பிஎம்_டினைலிஸ்ட்’ வரியில் லேன் சிப்பின் பிசிஐ முகவரியை மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

எதற்கும் அசையவில்லையா? புதிய கர்னல் உள்ள ஏதாவது ஒரு டிஸ்ட்ரோவை லைவ் யூஎஸ்பியில் ஓட்டி, அங்கும் எல்எஸ்பிசிஐ பாருங்கள். அங்கும் இல்லையென்றால் கோளாறு ஹார்டுவேரில்தான்.

சிப் இருக்கிறது, டிரைவர் இல்லை

முதலில் இணைய இணைப்புக்கு ஒரு வழி வேண்டும். வைஃபையும் இல்லாத நிலை என்றால், ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து ‘யூஎஸ்பி டெதரிங்’ போடுங்கள். பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் எதையும் நிறுவாமலே அது வயர் இணைப்பாக வந்து நிற்கும்.

எந்தச் சிப்புக்கு எந்த மாட்யூல் (டிரைவர் கோப்பு) என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். ரியல்டெக் 8111, 8168, 8125 எல்லாவற்றுக்கும் ‘ஆர்8169’. இன்டெல் ஐ217 முதல் ஐ219 வரை ‘இ1000இ’. ஐ225, ஐ226 இரண்டுக்கும் ‘ஐஜிசி’. ஏதெரோஸுக்கு ‘ஏஎல்எக்ஸ்’, பழையவற்றுக்கு ‘ஏடிஎல்1சி’. பிராட்காம் கிகாபிட்டுக்கு ‘டிஜி3’. ரியல்டெக் என்று வைத்துக்கொண்டு, கையால் ஏற்றிப் பாருங்கள். பிறகு கர்னல் என்ன சொல்கிறது என்று படியுங்கள்:

சூடோ மாட்ப்ரோப் ஆர்8169

சூடோ டிமெசேஜ் | க்ரெப் ஆர்8169

இரண்டாவது கட்டளையின் முதல் சொல்லில் டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தே எழுத்துகள்தான். இங்கே வரும் வரிகளை அவசரப்படாமல் படிக்க வேண்டும். மருந்து பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்.

‘மாட்யூல் நாட் ஃபவுண்ட் இன் டைரக்டரி’ என்று வந்தால், ஓடும் கர்னலும் டிஸ்கில் இருக்கும் மாட்யூல்களும் வெவ்வேறு பதிப்பா என்று பாருங்கள். ‘யூநேம் -ஆர்’ தரும் எண்ணும், /லிப்/மாட்யூல்ஸ் அடைவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆர்ச் போன்ற டிஸ்ட்ரோவில் கர்னலை அப்டேட் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் இருந்தால் பழைய மாட்யூல்கள் அழிந்திருக்கும், ரீஸ்டார்ட் போதும். உபுண்டுவில் எண்கள் ஒத்திருந்தும் மாட்யூல் இல்லையென்றால், ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா’ பேக்கேஜ் அதே கர்னல் எண்ணுக்கு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிறைய டிரைவர்கள் அதற்குள்தான் இருக்கின்றன.

எந்தப் பிழையும் இல்லாமல் கையால் ஏறிவிடுகிறது, ஆனால் பூட்டில் தானாக ஏறவில்லை என்றால், யாரோ தடை போட்டிருக்கிறார்கள். /இடிசி/மாட்ப்ரோப்.டி அடைவில் ‘பிளாக்லிஸ்ட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். இந்தக் கதை பல லேப்டாப்களில் ஒரே மாதிரி நடக்கும். எப்போதோ ‘ஆர்8168-டிகேஎம்எஸ்’ என்ற ரியல்டெக்கின் சொந்த டிரைவரை நிறுவியிருப்பார்கள். டிகேஎம்எஸ் என்பது ஒவ்வொரு கர்னலுக்கும் டிரைவரைப் புதிதாகக் கம்பைல் செய்யும் ஏற்பாடு. அந்த டிரைவர் கர்னலின் ஆர்8169ஐத் தடைப்பட்டியலில் போட்டுவிடும். பிறகு ஒரு நாள் கர்னல் அப்டேட் வரும். ஹெடர் பேக்கேஜ் இல்லாததாலோ, புதிய கர்னலோடு ஒத்துவராததாலோ ஆர்8168 கம்பைல் ஆகாது. இப்போது அதுவும் இல்லை, இதுவும் தடையில். அப்டேட்டுக்குப் பிறகு கார்டு போய்விட்டது என்றால் முதலில் ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ பாருங்கள்.

அதை நீக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். டெபியன், உபுண்டு வகைகளில் ‘ரிமூவ்’ செய்தால் /இடிசி அடைவில் உள்ள கான்ஃபிக் கோப்புகள் அப்படியே தங்கிவிடும். தடை போட்ட கோப்பும் அதில் ஒன்று. எனவே ‘பர்ஜ்’ செய்ய வேண்டும்:

சூடோ ஆப்ட் பர்ஜ் ஆர்8168-டிகேஎம்எஸ்

சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ

இரண்டாவது வரியை விட்டால், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் பழைய தடை உட்கார்ந்திருக்கக்கூடும். முடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்பது, நம்பகமான கையொப்பம் இல்லாத மாட்யூலைத் தடுக்கும் செக்யூர் பூட்டின் வேலை. கர்னலோடு வரும் மாட்யூல்கள் கையொப்பமிட்டவை, அவற்றுக்கு இந்தப் பிழை வராது. தனியாகக் கம்பைல் செய்த மாட்யூலுக்குத்தான் வரும். செக்யூர் பூட்டை அணைப்பது சுலபம் என்பதற்காக அதைச் செய்யாதீர்கள். ‘மோக்யூடில் --இம்போர்ட்’ வழியாகச் சாவியைப் பதிவு செய்து, அடுத்த பூட்டில் வரும் நீலத் திரையில் கடவுச்சொல் கொடுத்து ஏற்பது சரியான வழி. அதைவிடச் சரி, அந்த மாட்யூல் உண்மையிலேயே வேண்டுமா என்று யோசிப்பது.

‘ரியல்டெக்.கேஓ நாட் லோடட்’ என்று வந்தால், ஆர்8169 தன் துணை மாட்யூல் இல்லாமல் முன்னதாகவே ஏறிவிட்டது. ‘மாட்ப்ரோப் -ஆர் ஆர்8169’ என்று இறக்கி, ‘ரியல்டெக்’ மாட்யூலை ஏற்றி, மறுபடி ஆர்8169ஐ ஏற்றுங்கள். வேலை செய்தால் ‘ரியல்டெக்’கை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்த்துவிடுங்கள், பிழைச்செய்தியே அந்த யோசனையைத் தரும்.

இன்டெல்லில் பயமுறுத்துவது ‘என்விஎம் செக்சம் இஸ் நாட் வாலிட்’. சிப்புக்கான தகவல்கள் எழுதிவைக்கப்பட்ட நினைவகத்தின் கூட்டுத்தொகை பொருந்தவில்லை என்று சொல்லி, இ1000இ டிரைவர் -5 என்ற பிழையோடு கைவிடும். விண்டோஸில் அதே கார்டு ஓடலாம், அதனால் ஹார்டுவேர் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முன்பு சொன்ன மின்சாரம் இறக்கும் வேலையைச் செய்யுங்கள், தயாரிப்பாளரின் புதிய பயாஸைப் போடுங்கள், புதிய கர்னலை முயலுங்கள். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். செக்சம் சோதனையைத் தவிர்க்கும்படி டிரைவர் மூலத்தைத் திருத்திக் கம்பைல் செய்யும் வழியும் சொல்லப்படுவதுண்டு. அது ஓடும், ஆனால் ஒவ்வொரு கர்னல் அப்டேட்டிலும் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

‘அனேபிள் டு லோட் ஃபர்ம்வேர்’ என்பதும் -2 என்பதும் சேர்ந்து வந்தால், ஃபர்ம்வேர் கோப்பு இல்லை என்று பொருள். டெபியனில் ‘ஃபர்ம்வேர்-ரியல்டெக்’, உபுண்டுவில் ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ பேக்கேஜை நிறுவுங்கள். டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரிலேயே இது சேர்ந்து வருகிறது. பழைய நிறுவல்களில்தான் விடுபட்டிருக்கும். ஆனால் ரியல்டெக் வயர் கார்டுகள் பல இது இல்லாமலும் ஓடும், எனவே இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு தேடலை நிறுத்தாதீர்கள்.

ஒன்றுமே வரவில்லையென்றால் கர்னல் பழையதா என்று பாருங்கள். ரியல்டெக் 8125க்கான ஆதரவு 5.4 கர்னலில்தான் ஆர்8169க்குள் வந்தது. புது லேப்டாப்பில் பழைய டிஸ்ட்ரோவைப் போட்டால் இப்படித்தான் ஆகும். அங்கே தேவை புதிய கர்னல்.

இன்டர்ஃபேஸ் இருக்கிறது, இணைப்பு இல்லை

என்எம்சிஎல்ஐ டிவைஸ்

இதன் ‘ஸ்டேட்’ பத்தியில் வரும் சொல்லைப் பாருங்கள். ‘அன்அவெய்லபிள்’ என்றால் நெட்வொர்க்மேனேஜர் கார்டை ஏற்றுக்கொண்டது, ஆனால் கேபிளில் சிக்னல் இல்லை. ‘ஐபி லிங்க்’ வரியிலும் ‘நோ-கேரியர்’ என்று இருக்கும். வேறு கேபிள், ரௌட்டரில் வேறு போர்ட் என்று மாற்றிப் பாருங்கள். பிறகு டார்ச் அடித்து லேப்டாப்பின் போர்ட்டுக்குள் பாருங்கள். எட்டு பொன்னிறக் கம்பிகளும் ஒரே சாய்வில், ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தோ பக்கத்துக் கம்பியின் மேல் சாய்ந்தோ இருந்தால் அதுதான் குற்றவாளி. கீழ்த்தாடை போலத் திறந்து மூடும் மெல்லிய போர்ட்களில், தாடை தளர்ந்துபோய் பிளக் மேலே அழுந்தாமல் நிற்பதும் உண்டு. பிளக்கை விரலால் மேல்நோக்கி அழுத்தினால் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

விளக்கு எரிந்து, வேகம் மட்டும் 1000 எம்பிபிஎஸ்ஸுக்குப் பதில் 100 என்று ‘ஈத்டூல்’ கட்டளை காட்டினால், ஏதோ ஒரு ஜோடிக் கம்பி தொடவில்லை. 100க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். 1000க்கு எட்டும் வேண்டும்.

விண்டோஸும் சேர்ந்து இருக்கும் லேப்டாப்பில் இன்னொரு காரணம் உண்டு. விண்டோஸின் ரியல்டெக் டிரைவர், வேக்-ஆன்-லேன் அணைத்திருந்தால், ஷட்டவுனில் சிப்பைத் தூங்கவைத்துவிட்டுப் போகலாம். லினக்ஸ் வந்தபின்னும் லிங்க் வராது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டுக்கு ‘ஷட்டவுன் வேக்-ஆன்-லேன்’ என்பதை இயக்குங்கள், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’பை அணையுங்கள்.

‘அன்மேனேஜ்டு’ என்று வந்தால் கார்டிலும் கேபிளிலும் குறையில்லை, கான்ஃபிக்தான். டெபியனில் /இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் கோப்பில் அந்தக் கார்டின் பெயர் எழுதியிருந்தால் நெட்வொர்க்மேனேஜர் அதைத் தொடாது. ‘எல்ஓ’ வரிகளை மட்டும் விட்டு, மற்றவற்றின் முன் # போட்டு, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். உபுண்டுவில் வைஃபையும் மொபைல் மோடமும் தவிர மற்றதையெல்லாம் ஒதுக்கச் சொல்லும் ‘10-குளோபலி-மேனேஜ்டு-டிவைசஸ்.கான்ஃப்’ என்ற கோப்பு /யூஎஸ்ஆர்/லிப் அடைவின் கீழ் இருக்கும். அதைத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் திரும்பி வந்துவிடும். /இடிசி/நெட்வொர்க்மேனேஜர்/கான்ஃப்.டி அடைவில் அதே பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு வைத்தால் போதும், அது மூலக் கோப்பை மறைத்துவிடும்.

எஸ்எஸ்டி சேர்த்த பிறகோ பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகோ இணைப்பு போனதென்றால் பெயரைப் பாருங்கள். பஸ் எண்கள் நகர்ந்து, நேற்று இஎன்பி2எஸ்0 ஆக இருந்தது இன்று இஎன்பி3எஸ்0 ஆகியிருக்கும். பழைய பெயரில் எழுதிய கான்ஃபிக் அநாதையாக நிற்கும். கான்ஃபிக்கைப் பெயருக்குப் பதில், கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியோடு பிணைத்தால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

யூஎஸ்பி அடாப்டர் என்றால்

‘எல்எஸ்யூஎஸ்பி’யில் பாருங்கள். ரியல்டெக் 8152, 8153 வகைகளுக்கு ‘ஆர்8152’ மாட்யூல், ஏசிக்ஸ் 88179, 88178ஏ வகைகளுக்கு ‘ஏஎக்ஸ்88179_178ஏ’. சில அடாப்டர்கள் செருகியதும் விண்டோஸ் டிரைவர் அடங்கிய சிடி டிரைவாகத் தங்களைக் காட்டிக்கொள்ளும். கோப்பு மேலாளரில் திடீரென்று ஒரு சிடி தோன்றினால் அதுதான். அதை ‘எஜெக்ட்’ செய்தால் சில உடனே லேன் கார்டாக மாறிவிடும், மாறாதவற்றுக்கு ‘யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்’ பேக்கேஜ் நிறுவ வேண்டும். செருகிய சில நிமிடத்தில் காணாமல் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தால், ஹப்பை விட்டு லேப்டாப்பின் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். அங்கும் அதேதான் என்றால் டிஎல்பியின் ‘யூஎஸ்பி_டினைலிஸ்ட்’ வரியில் அடாப்டரின் எண் ஜோடியைச் சேர்த்து, தானாகத் தூங்கவைப்பதை நிறுத்துங்கள்.